பட்டாளத்துக் கிணற்றில் இறங்கியவர்

ரோச்சுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சம்பளப் பட்டியலில் கைநாட்டு வைப்பார். ஆனால் கண் தெரியாத இடத்தில் அவருடைய விரல்களுக்குக் கண் உண்டு என்று தூத்துக்குடித் திரேஸ்புரத்துக் கடற்கரையில் சொல்வார்கள். எட்டுப் பாகம், அதாவது ஐம்பது அடிக்குக் கிட்டத்தட்ட ஆழத்தில், சேறு கலங்கிய கடலடியில், மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும் சங்கைத் தொட்ட மாத்திரத்தில் அது உயிருள்ளதா, செத்துப்போன வெறும் ஓடா என்று சொல்லிவிடுவார். பத்தொன்பது வயதில் முத்துக்குளிக்கப் போனவர். அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பான முத்துச்சிலாபம் நின்றுபோன பிறகு சங்குகுளிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

நான் அவரைச் சந்தித்தது 1973 ஆனி மாதத்தில். கச்சான் காற்று வீசத் தொடங்கிச் சங்கு வள்ளங்களைக் கரையேற்றிவிட்ட நேரம். என் பெயர் வேதமணி. நாசரேத்துக்காரன். தூத்துக்குடியில் நிலம் எடுப்புத் தாசில்தார் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். புதுத் துறைமுகத்திலிருந்து திருநெல்வேலிச் சாலைக்கு ஒரு ரோடு போடுவதற்கு நிலம் எடுத்துக்கொண்டிருந்தோம். அந்தச் சாலையில் இருக்கும் புதுக்கோட்டை என்ற சின்ன ஊருக்கு இந்தப் பக்கம், உடைமரம் அடர்ந்த ஒரு பொட்டலில் வந்து வேலை நின்றுவிட்டது.

அந்த இடத்துக்குப் பட்டாளக் காடு என்று பெயர். யுத்த காலத்தில் அங்கே ராணுவ முகாம் இருந்திருக்கிறது. 1942இல் கொட்டகைகள் போட்டார்கள். மறுவருடம் கோடையில் காலரா வந்தது. முகாமின் வடகிழக்கு மூலையில் ஒரு கல்லறைத் தோட்டம் உண்டாயிற்று. யுத்தம் முடிந்ததும் பட்டாளம் போய்விட்டது. கொட்டகைகளை ஏலம் விட்டார்கள். கல்லறைத் தோட்டத்தின் சுற்றுச்சுவரைச் செங்கலுக்காக யார் யாரோ பெயர்த்துக்கொண்டு போனார்கள். இவ்வளவும் கோப்பில் இருந்தது. அதோடு மதராஸிலிருந்து வந்த ஒரு கடிதமும் இருந்தது. அங்கே புதைக்கப்பட்ட பத்தொன்பது சிப்பாய்களின் எலும்புகளை, ரோடு போடுமுன் எடுத்து, கல்லில் உள்ள பெயரோடு அனுப்ப வேண்டும் என்று அதில் எழுதி, பத்தொன்பது பெயர்களையும் தட்டச்சு செய்திருந்தார்கள்.

போய்ப் பார்த்தால் அங்கே ஒரு கல்கூட இல்லை. மேடு பள்ளமில்லாத வெறும் தரை. காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் உடைமரங்கள் அதிகமாக ஆடவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாள் மட்டும் தூரத்தில், எங்களைப் பார்க்காமல், அந்தத் தரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பெயர் அருணாசலவடிவு. முகாம் இருந்த நாளிலிருந்து அந்தக் காட்டில்தான் ஆடு மேய்க்கிறாளாம்.

"கல்லு கெணத்துக்குள்ள கெடக்குய்யா" என்றாள். "பட்டாளம் போன பெறவு ஒருத்தர் இங்கன வெள்ளாமை போடணும்னு குத்தகைக்கு எடுத்தாரு. கல்லு இருந்தா சுடுகாடும்பாங்க, ஆளு வேலைக்கு வராதுன்னு, எல்லாத்தையும் பேத்து வண்டியில ஏத்திக் கெணத்துல தள்ளுனாரு. வெள்ளாமை ஒண்ணும் வெளங்கல. ரெண்டே வருசத்துல வுட்டுட்டுப் போயிட்டாரு."

"நீங்க ஏன் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"முதுகக் காட்டி இருக்க மாட்டேன்" என்றாள்.

கிணறு பெரியது. இறங்குவதற்குக் கல்படி. ஒரு பக்கச் சுவர் சரிந்து உள்ளே விழுந்திருந்தது. இரண்டு நாள் என்ஜின் வைத்து இறைத்தோம். ஒரு முழம் வற்றும். காலையில் வந்து பார்த்தால் பழையபடி நிற்கும். அவ்வளவு ஊற்று. சங்குகுளிக்கிற ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரும்படி தாசில்தார் சொன்னார். அப்படித்தான் ரோச் வந்தார். கூடவே அவர் மனைவியின் தம்பி வளன். கடலில் மூழ்குபவருக்குக் கயிறு பிடிப்பது மச்சினன்தான் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அக்காள் தாலி அறுக்கப் பார்த்திருக்க மாட்டான் அல்லவா.

முதல் நாள் பத்து மணி வெயிலில் ரோச் காலில் குண்டுக்கல்லை மாட்டிக்கொண்டு சிலுவை போட்டார். இறங்கினார். தண்ணீர் மூடிக்கொண்டது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. மேலே இழுக்கச் சொல்லும் அடையாளமாகக் கயிறு ஒருமுறை வெட்டி ஆடியது. வளன் இழுத்தான். மேலே வந்தவர் படியில் உட்கார்ந்து இரண்டு காதையும் உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"என்ன வே, காதுல தண்ணி ஏறிட்டா?" என்றேன்.

"இல்ல சார். கடலடியில போனா ஒரு சத்தம் இருக்கும். மணலு உருளும், மீனு பாசியக் கடிக்கும். இங்கன ஒண்ணுமே இல்ல. காது செத்துப்போன மாதிரி இருக்கு." பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "கல்லு நெறையக் கெடக்கு. எழுத்துள்ள கல்லு, வெறுங் கல்லு எல்லாம் உண்டு. ஆனா எழுத்துள்ளது ஒண்ணுகூட கவுந்து கெடக்கல. எல்லாம் மேல பாத்துக் கெடக்கு."

வண்டியிலிருந்து தள்ளிய கல் எப்படி வேண்டுமானாலும் விழும். நான் அதை அவரிடம் சொல்லவில்லை.

எழுத்துள்ள கல்லாகத் தடவிப் பார்த்துக் கயிறு கட்டுவார். மேலே கப்பி போட்டு இழுப்போம். ஒவ்வொன்றையும் கழுவி, பட்டியலில் உள்ள பெயரோடு ஒத்துப் பார்த்து நான் குறித்துக்கொள்வேன். ஐந்து நாளில் பதினெட்டுக் கல் மேலே வந்தன. மதியம் உடைமர நிழலில் சோறு சாப்பிடும்போது ரோச் தன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அவருக்கு ஏழு வயதாகும்போது அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டாராம். யுத்த காலம். மீன் வள்ளங்களைக் கடலுக்கு விடவில்லை. வீட்டில் அரிசி இல்லை. ஒருநாள் காலையில் அம்மாவோடு சண்டை. "கொழும்புக்காவது போய்த் தொலையுதேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான். அம்மா அல்போன்சா, கொழும்பிலிருந்து சரக்கோடு கரைக்கு வரும் ஒவ்வொரு தோணிக்காரரிடமும் அழுது விசாரித்திருக்கிறாள். ஒரு வருடத்துக்கு அப்புறம் விக்டர் என்ற தோணிக்காரர் பதில் சொன்னார். கொழும்பில் கொச்சிக்கடை அந்தோணியார் கோயில் வாசலில் அவரைப் பார்த்ததாகவும், நன்றாக இருக்கிறார் என்றும்.

அன்றோடு அல்போன்சா அழுகையை நிறுத்திவிட்டாள். கருவாட்டுக் கூடையைத் தூக்கினாள். புருஷன் உயிரோடு இருக்கிறான், இன்னொருத்தியோடு இருக்கிறான் என்று தானே முடிவு செய்துகொண்டு, தினமும் அவனைத் திட்டினாள். கலர்ச் சேலைதான் கட்டுவாள். மாதா கோயில் திருவிழாவுக்கு எல்லோரையும்விடப் பளபளவென்று உடுத்திக்கொண்டு போவாள்.

"நானும் ஒருதரம் கொழும்புக்குப் போனேன் சார்" என்றார் ரோச். "இருவத்திரெண்டு வயசு. அவரத் தேடிப் புடிச்சு அடிக்கணும்னு போனேன். மூணு நாளு கொச்சிக்கடையிலயே சுத்துனேன். ஒரு ஆளு பின்னாலேருந்து பாத்தா அவரு மாதிரியே இருந்தாரு. தெருத் தெருவாப் பின்னாலயே போனேன். திரும்புனாரு. வேற ஆளு. பெறவுதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. அப்பா முகம் எனக்கு ஞாபகமே இல்ல. அவரு நேர வந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

ஆறாவது நாள், கடைசிக் கல். சரிந்த சுவருக்கு அடியில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது, கயிறு கட்ட முடியவில்லை, எழுத்து இருக்கும் பக்கம் மட்டும் கைக்கு எட்டுகிறது என்றார். அங்கேதான் ஊற்றும் இருக்கிறதாம். தண்ணீர் அந்தக் கல்லை உரசிக்கொண்டு மேலே வருகிறது, அதனால் பாசியே பிடிக்காமல் நேற்று வெட்டின மாதிரி இருக்கிறது எழுத்து என்றார்.

"அது பத்தொன்பதாவது சிப்பாயாத்தான் இருக்கும். எழுத்தத் தடவிப் பாத்து அதே மாதிரி மண்ணுல வரைஞ்சு காட்டுவீரா?" என்றேன்.

ஒரு முக்குளிக்கு ஒரு எழுத்து. முதல் தடவை மேலே வந்து, கிணற்று மேட்டுச் செம்மண்ணில் ஈர விரலால் வரைந்தார். மூன்று கோடு. மேல் பக்கம் திறந்த ஒரு பெட்டி. இங்கிலீஷ் 'யூ' என்று நினைத்துப் பட்டியலில் அந்த எழுத்தில் தொடங்கும் பெயரைத் தேடினேன். அப்படி ஒரு பெயரும் இல்லை. இரண்டாவது தடவை வந்து ஓர் எழுத்தை வரைந்து, அதன் தலையில் விரலை ஊன்றினார்.

"இதுக்கு மேல ஒரு குழி இருக்கு சார்."

புள்ளி. அப்போதுதான் தெரிந்தது, அது தமிழ் என்று. 'பர்.' என் பட்டியலில் இருந்த பத்தொன்பது பேரில் தமிழ் ஆள் ஒருவரும் கிடையாது.

மூன்றாவது தடவை 'ன'. மறுபடியும் அந்தத் திறந்த பெட்டி, பக்கத்தில் ஒரு கால். 'பா.' நான் சேர்த்து வாய்விட்டே படித்தேன். "பர்னபா..."

ரோச் அதற்குள் ஐந்தாவது தடவை இறங்கியிருந்தார். வளன் கயிற்றைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"சார், என்ன சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னேன்.

"அது மச்சானோட அப்பா பேரு சார்" என்றான். அந்த நேரத்தில் கீழே, இருட்டில், ரோச்சின் விரல்கள் அந்தக் கல்மேல்தான் இருந்தன. எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியாது. அவ்வளவு நீளமான ஒரு நிமிஷத்தை நான் கண்டதில்லை. கயிறு வெட்டியது.

மேலே வந்தவர் கடைசி எழுத்தை வரைந்தார். புள்ளியும் வைத்தார். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "என்ன பேரு சார்?"

வளன்தான் குனிந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான். ரோச் அந்த ஐந்து எழுத்தையும் பார்த்தார். படிக்கத் தெரியாதவர், ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"பர்னபாஸ்னு ஊருக்குப் பத்துப் பேரு இருப்பான்" என்றார். "கீழ இன்னொரு வரி இருக்கு. இருங்க."

இன்னும் பதினோரு தடவை இறங்கினார். கீழ் வரியில் 'புன்னக்காயல்' என்று இருந்தது, ஐகாரம் இல்லாமல், பேசுகிற மாதிரியே. அதற்கும் கீழே 1943. ரோச்சின் அப்பா பர்னபாஸின் சொந்த ஊர் புன்னைக்காயல். பெண் எடுத்துத்தான் திரேஸ்புரத்துக்கு வந்தவர். முகாமுக்குக் கூலியாளாகப் போயிருக்க வேண்டிய ஒருவருக்கு அந்தக் கல்லை யார் வெட்டினார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அருணாசலவடிவைக் கேட்டோம். முகாமில் தண்ணீர் சுமக்கவும் விறகு வெட்டவும் வெளியூர் ஆட்கள் இருந்தார்கள், காலரா வந்ததும் வெளியே யாரையும் விடவில்லை, உள்ளேயும் யாரையும் விடவில்லை, செத்தவர்களை அன்றன்றைக்கே புதைத்தார்கள் என்றாள்.

அன்று மாலை ரோச் நேராக வீட்டுக்குப் போகவில்லை. விக்டர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். விக்டருக்கு எழுபது வயதுக்கு மேல். கட்டிலில் கிடந்தார். ரோச் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"பெரியப்பா, கொச்சிக்கடையில எங்கப்பாவ நீங்க பாத்தீங்களா?"

விக்டர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஒங்கம்மா கரையில வந்து நிப்பா" என்றார். "மழையானாலும் நிப்பா. ஒன்னயும் கையில புடிச்சுக்கிட்டு. சோறு திங்க மாட்டா. இப்படியே போனா ரெண்டு பேரும் செத்துருவீங்கன்னு தோணிச்சு. கண்டேன்னு சொன்னேன். அன்னைக்கு ராத்திரி அவ சோறு ஆக்குனா. பெறவு எந்த வாயால நான் மாத்திச் சொல்லட்டும், சொல்லுலே?"

ரோச் கோபப்படுவார் என்று பயந்தேன். எழுந்து, விக்டரின் காலடியில் நழுவிக் கிடந்த போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அல்போன்சாவிடம் அவர் சொன்னபோது நான் இல்லை. மறுநாள் காலையில் அந்த அம்மாளே மகனோடு கிணற்றுக்கு வந்துவிட்டாள். அறுபது வயதை நெருங்கிய, நெடுநெடுவென்ற பெண்பிள்ளை. பச்சைச் சேலை கட்டியிருந்தாள். கிணற்றைப் பார்த்ததும் அவள் கால் நின்றுவிட்டது.

"ஏலே ரோச்சு, இந்தக் கெணறா?"

"ஆமாம்மா."

"இதுல நான் தண்ணி குடிச்சிருக்கேன்லே."

பன்னிரண்டு வருடம், வாரத்தில் இரண்டு நாள், கருவாட்டுக் கூடையோடு புதுக்கோட்டைச் சந்தைக்கு இந்த வழியாகத்தான் போயிருக்கிறாள். வழியில் இந்தப் படியில் கூடையை இறக்கி வைத்து, கை நிறைய அள்ளிக் குடித்துவிட்டு, ஆள் இல்லாத காடுதானே என்று வாய்விட்டுப் புருஷனைத் திட்டுவாளாம். தின்ற சோறு செரிக்காமல் போகட்டும், தண்ணி கிடைக்காமல் சாகட்டும் என்று.

"நான் பேசி முடிச்சதும் உள்ள கொளகொளன்னு ஒரு சத்தம் கேக்கும்" என்றாள். "ஊத்துன்னு நெனப்பேன். 'பாத்தியா, கெணறுகூட ஆமாங்குது'ன்னு சொல்லிட்டுக் கூடையத் தூக்குவேன்."

அவள் கடைசிப் படிவரை இறங்கிப் போய் உட்கார்ந்தாள். தண்ணீரைத் தொடவில்லை. என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. சொல்லி முடித்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள். அன்று கிணறு சத்தம் காட்டவில்லை. அதுதான் அவளை உடைத்துவிட்டது. அப்போதுதான் அழுதாள்.

அந்தக் கல்லை எடுக்க ரோச் இரண்டு நாள் பாடுபட்டார். இரண்டாம் நாள் சுவரின் மிச்சமும் சரிந்து அவர் கால் மாட்டிக்கொண்டது. வளன் கை தோல் உரிய இழுத்துத்தான் மேலே கொண்டுவந்தான். அதற்குப் பிறகு இறங்கக் கூடாது என்று தாசில்தார் சொல்லிவிட்டார். பட்டியலிலிருந்த பத்தொன்பதாவது சிப்பாயின் கல் கடைசிவரை கிடைக்கவில்லை. செங்கல் கட்டிய பத்தொன்பது குழிகளும் கிடைத்தன. எந்தக் குழி யாருடையது என்று பிரிக்க முடியாததால், எலும்புகளைப் பெட்டியில் வைத்துப் பெயர்களைச் சேர்த்து அனுப்பினோம்.

கூலியாட்களைப் புதைத்த இடம் அதற்குக் கிழக்கே என்று அருணாசலவடிவு கையைக் காட்டினாள். அவர்களையும் எடுக்க வேண்டும் என்று நான் கோப்பில் எழுதினேன். பட்டியலில் இல்லாதவர்கள் குறித்து உத்தரவு இல்லை என்று பதில் வந்தது. ரோடு அவர்கள் மேலேதான் போக இருந்தது.

"ஞாயித்துக்கெழம நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்" என்று தாசில்தார் என்னிடம் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது.

திரேஸ்புரத்திலிருந்து பதினைந்து பேர் மண்வெட்டியோடு வந்தார்கள், கூடவே அல்போன்சாவும். வெட்ட வெட்ட, ஒரே வரிசையில், தோளோடு தோள் இடிக்கிற மாதிரி பதினோரு பேர் கிடந்தார்கள். பெட்டி இல்லை. ஒவ்வொருவர் கழுத்துப் பக்கமும் ஒரு தகர வில்லை. துருவைச் சுரண்டினால் எண் தெரிந்தது. எந்த எண் யாருடையது என்று சொல்ல ஒரு ஏடும் மிஞ்சவில்லை. வெயில் உச்சியில் இருந்தது. அத்தனை பேர் நின்றும் அங்கே இருமல் சத்தம்கூட இல்லை. வெட்டியவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். ரோச் மட்டும் குழிக்குள் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு, பதினோரு மண்டையோட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. முகம் ஞாபகம் இல்லை என்று சொன்னவர். கடைசியில் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துக் கையை விரித்தார்.

"எல்லாரையும் எடுத்துட்டு வா" என்றாள் அல்போன்சா.

கோயிலில் பங்குச்சாமி தயங்கினார். "இவங்க யாரு, எந்த வேதம்னு ஒண்ணும் தெரியாதேம்மா. கல்லறைத் தோட்டத்துல எப்படி வைக்கிறது?"

"முப்பது வருசம் ஒண்ணாத்தானே கெடந்தாங்க சாமி" என்றாள். "இப்ப யாரப் பிரிக்கச் சொல்லுதீங்க?"

சாமி அதற்குமேல் தடுக்கவில்லை. ஒரே குழியில் பதினோரு பேரையும் வைத்தார்கள். பூசையில் ஒரு பெயரைத்தான் வாசிக்க முடிந்தது. அல்போன்சா வெள்ளைச் சேலையில் வந்தாள். கோயிலில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். விக்டரை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். அவள் வெளியே போகும்போது அவர் முன்னால் நின்றாள். அவர் கும்பிடக் கையை எடுத்தார். அவள் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டுப் போனாள்.

ரோடு போட்டார்கள். பர்னபாஸின் கல் உள்ளேயே கிடக்க, கிணற்றைக் கல்லும் மண்ணும் கொட்டி மூடினார்கள். அதை மூடிய வாரத்தில் நான் அங்கே போகவில்லை, காய்ச்சல் என்று லீவு போட்டேன். காய்ச்சல் இல்லை.

ரோச் அடுத்த பருவத்தில் மறுபடியும் சங்குகுளிக்குப் போனார். ஒருமுறை துறைமுக வாசலில் பார்த்தபோது சொன்னார். "கடலடியில எந்தக் கல்லத் தொட்டாலும் எழுத்து இருக்கான்னு வெரலு தேடுது சார். சங்கு எடுக்கணும்கிற நெனப்பே வரமாட்டேங்குது. போன வாரம் ஒரு பாறையில பெட்டி மாதிரி மூணு கோடு இருந்துச்சு. மூச்சு முட்டுற மட்டும் அங்கனயே இருந்துட்டேன். வளன்தான் கேக்காமலே இழுத்துட்டான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வளன் சிரிக்கவில்லை.

அல்போன்சா 1976 தவக்காலத்தில் இறந்தாள். அந்த வருடமே ரோச் கடலை விட்டார். இப்போது துறைமுகத்தில் லஸ்கராக இருக்கிறார். வந்து சேரும் கப்பல்களின் வடத்தைப் பிடித்துக் கரையில் கட்டுகிற வேலை. போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் சின்ன மகளிடம் 'ரோச்' என்று எழுதக் கற்றுக்கொண்டார். சிலேட்டில் மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டு, ஈரத் துணியால் துடைத்து, அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.